பேர் எழுதாத பிராது

ராஜமாணிக்கத்துக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு மனைவி விருத்தாம்பாளையும் ஒரு தடவை இழுக்கச் சொல்வார். அந்த அம்மாளும் கல்யாணமான நாளிலிருந்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இப்படிப்பட்ட மனிதருக்கு, சுவரைத் தாண்டிப் பக்கத்து வீடு வரைக்கும் போகிற இன்டர்நெட்டை ஒருவன் விற்றான் பாருங்கள், அவனைத்தான் முதலில் பிடித்துக் கேட்க வேண்டும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவருக்கு ஒரு ஷெட் இருந்தது. ஃபியூஸ் கட்டைக்கு வேண்டிய பீங்கான் பாகங்களைச் செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 2008 வாக்கில், இனிமேல் எல்லாம் மெயிலில்தான் என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு லேப்டாப்பும் பிராட்பேண்டும் வீட்டுக்கு வந்தன. லைன் பெட்டியில் கொம்பு வைத்தது, வைக்காதது என்று இரண்டு தினுசு காட்டினார்கள். கொம்பு வைத்ததுதான் எடுப்பாக இருக்கிறது என்று அதை எடுத்தார். அந்தக் கொம்பு ஒயர் இல்லாமல் வேலை செய்வதற்கு என்று கடைக்காரன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேப்டாப்பை ஹால் மேசையில் வைத்து, பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துச் செருகி, ஒற்றை விரலால் தட்டித்தான் மெயில் பார்ப்பார்.

பக்கத்து வீடு இஞ்ஞாசியுடையது. எஸ்டேட்டிலும் பக்கத்து ஷெட். இஞ்ஞாசி கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள் செய்கிறவர். மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் அங்கேதான் உருவாகும். அச்சில் வார்க்க ஆட்கள் உண்டு. வெந்து வந்த பிறகு கண் எழுதுவது மட்டும் இஞ்ஞாசியின் வலது கை வேலை. அந்தக் கண்ணுக்காகவே வெளியூர் வியாபாரிகள் தேடி வந்து வாங்கிப் போனார்கள்.

சூளையும் இஞ்ஞாசியுடையதுதான். ஆனால் அவர் சரக்கு மட்டும் வைத்தால் பாதிச் சூளைதான் நிறையும். பாதிச் சூளையை எரித்தால் கட்டுப்படியாகாது. அதனால் கீழே ராஜமாணிக்கத்தின் ஃபியூஸ் பாகங்கள், மேலே இஞ்ஞாசியின் சுரூபங்கள் என்று அடுக்கி ஒரே நெருப்பில் வேக வைப்பார்கள். சூளை வாயைச் செங்கல் வைத்து மூடி மண் பூசும்போது, சரக்கு வைத்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கை மண் அப்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். உள்ளே எது வெடித்தாலும் பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்லக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. இவர்கள் இருவரும் எத்தனையோ வருஷமாக அப்படி அப்பியவர்கள்.

சந்தேகம் பேப்பரிலிருந்துதான் வந்தது. எங்கோ வடக்கே எவனோ ஒருவன், அடுத்தவர் வீட்டு வயர்லெஸ் லைனில் புகுந்து மிரட்டல் மெயில் அனுப்பிவிட்டானாம். போலீஸ் வந்து லைனுக்குச் சொந்தக்காரரின் கதவைத் தட்டியதாம். ராஜமாணிக்கம் அந்தச் செய்தியை விருத்தாம்பாளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அன்றைக்கே ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தர்மராஜை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

தர்மராஜ் ஹால் மேசையில் உட்கார்ந்து, பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை லேப்டாப் திரையில் திறந்தான். வயர்லெஸ்ஸுக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது. போதாததற்கு, ஒயர் இல்லாமல் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி இருந்தது. வண்டிக்கு நம்பர் மாதிரி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு, இது யாருடையது என்று கேட்டான். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப், அதுவும் ஒயரில் ஓடுகிறது என்றார் ராஜமாணிக்கம். தர்மராஜ் ஒயர் பக்கத்து நம்பரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தான். அது வேறு, இது வேறு.

"அப்ப வெளியாளுதான் சார்" என்றான்.

ராஜமாணிக்கம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். வயர்லெஸ்ஸையே மொத்தமாக நிறுத்திவிடலாம், ஒரே அழுத்தில் தொல்லை தீர்ந்துவிடும் என்று தர்மராஜ் சொன்னான். நியாயமான பேச்சு. ஆனால் நிறுத்திவிட்டால் திருடனை எப்படிப் பிடிப்பது? கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் அவன் யோக்கியன் மாதிரி தெருவில் நடப்பானே என்று ராஜமாணிக்கம் வாதாடினார். சரி, பாஸ்வேர்டாவது போடுங்கள் என்றான் அவன். போடுகிற நேரத்தில் அவனையும் வாசலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மகள் இளமதியைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். இளமதி இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருந்தது. கல்யாணம் முடியும் வரை வேலை, இன்டர்வியூ என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவர் சொன்னபடி, பக்கத்தூர்ச் சாமி பெயரான கொளஞ்சியப்பர் என்று அவள் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள், தர்மராஜ் காட்டிக்கொடுத்த பக்கத்தைத் திறந்து பார்த்தால், அதே நம்பர் உள்ளே உட்கார்ந்திருந்தது.

தப்பு தன்னுடையதுதான் என்று முதலில் நினைத்துக்கொண்டார். விருத்தாசலத்தில் பாஸ்வேர்டு போடச் சொன்னால் பாதிப் பேர் கொளஞ்சியப்பர் என்றுதான் போடுவார்கள், எவனும் கண்டுபிடித்துவிடுவான். மறுபடி தர்மராஜ் வந்தான். இந்தத் தடவை ஸ்கூட்டர் நம்பரோடு குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்துப் போட்டார்கள். வயர்லெஸ்ஸின் பெயரே வெளியே தெரியாதபடி மறைத்தும் வைத்தான் தர்மராஜ். மறுநாள் அந்த நம்பர் திரும்பவும் வந்துவிட்டது. அதுவும் எப்படி? ராஜமாணிக்கம் மெயில் பார்க்க உட்கார்ந்தால் அதுவும் வந்து உட்காருகிறது. இவர் எழுந்து லேப்டாப்பை மூடிவிட்டு, தர்மராஜின் கடைக்குப் போய்க் காத்திருந்து, வந்து திறந்தால் அதுவும் கூடவே வருகிறது. யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

பார்க்கக்கூடிய ஜன்னல் ஒன்றுதான். இஞ்ஞாசி வீட்டு மாடி ஜன்னல். அங்கே இஞ்ஞாசியின் மருமகள் அனிஷா பகலெல்லாம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதுச்சேரிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே டைப் அடித்துக் கொடுக்கிறாள் என்று அன்னமேரி, இஞ்ஞாசியின் மனைவி, பெருமையாகச் சொல்வாள். அந்த வீட்டில் டெலிபோன் லைனே கிடையாது. லைன் இல்லாத வீட்டில் இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது? இரண்டாவது பாஸ்வேர்டை இளமதிக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னபோது, இஞ்ஞாசி இதே ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தாரே? ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாத ஒன்றுகூட இல்லை என்பதே அவருக்கு உறுத்தவில்லை.

அந்த மாதம் கோயம்புத்தூர் ஆர்டரும் வரவில்லை. அவ்வளவுதான். தன் மெயிலைப் படித்து யாரோ விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். தான் திறந்தால் அவர்களும் படிப்பார்கள் என்று மெயில் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கோர்ட்டு மாதிரி. பொருள் களவு போனாலும் நம்பினவன் கழுத்தறுத்தாலும் மணவாளநல்லூரில் இருக்கிற அந்தக் கோயிலுக்குப் போய், தாளில் குறையை எழுதி, சுவாமி பாதத்தில் வைத்து வாங்கி, அங்கே காவல் நிற்கிற முனியப்பரிடம் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்துவிடும் என்று நம்பிக்கை. நடுவில் சமாதானமாகிவிட்டால் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சாமி தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள், கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

ராஜமாணிக்கம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எதிரி பெயரை எழுத ஆரம்பித்தபோது விருத்தாம்பாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இஞ்ஞாசி மேல் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் இந்த மனுஷன் கேட்க மாட்டார் என்பதும் தெரியும்.

"கண்ணால பாக்காததுக்குப் பேரு எழுதாதீங்க. யாருன்னு சாமிக்குத் தெரியாதா? யாரா இருந்தாலும்னு எழுதுங்க, போதும்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது. என் லைனில் ஒளிந்து நுழைகிற கை யாருடையதாக இருந்தாலும் அந்தக் கை முடங்கிப் போக வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டிவிட்டு வந்தார். பாவம் ஒன்றும் செய்யவில்லை என்ற நிம்மதியில் விருத்தாம்பாள் திரும்பும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். பெயர் எழுதவில்லை என்பதை ஒரு நல்ல காரியமாக அன்னமேரியிடமும் இரண்டு நாள் கழித்துச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் சந்தேகம், நான்தான் தடுத்தேன் என்று அவள் சொன்னதில் ஆறுதல் எவ்வளவு, காயம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை.

நவம்பர் பிறந்துவிட்டது. குடில் சரக்கு மாதக் கடைசிக்குள் வெந்து, கண் எழுதி, பெட்டியில் ஏறாவிட்டால் இஞ்ஞாசிக்கு அந்த வருஷமே போன மாதிரி. அவர் சுரூபங்களைச் சூளையின் மேல் தட்டுகளில் அடுக்கிவிட்டு ராஜமாணிக்கத்தின் ஷெட்டுக்கு வந்து, எப்போது சரக்குக் கொண்டுவந்து வைக்கிறாய் என்று கேட்டார்.

"இந்த மொற நான் வெக்கல" என்றார் ராஜமாணிக்கம்.

ஏன் என்று இஞ்ஞாசி கேட்கவில்லை. என் மேல் தப்பு இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லு என்று மட்டும் சொன்னார். ராஜமாணிக்கம் எழுந்து போய் ஷெட்டின் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். திரும்பியபோது இஞ்ஞாசி போய்விட்டிருந்தார். ஏன் என்று கேட்காமல் போனதே அவன் குற்றவாளி என்பதற்குச் சாட்சி என்று வீட்டில் வந்து சொன்னார். சூளை பாதி நிறைந்தபடி, மூடாமல், எரியாமல் கிடந்தது.

அடுத்த வாரம் ராஜமாணிக்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நம்பரை மட்டும் உள்ளே வரவிடாமல் தடுக்க முடியுமா என்று தர்மராஜிடம் கேட்டார். கேட்டிருந்தால் முதலிலேயே செய்திருப்பேனே என்று அவன் வந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அந்த நம்பரை எழுதித் தடை போட்டான். ராஜமாணிக்கத்துக்கு வேண்டியது தடை அல்ல, பொறி. லைன் அறுந்தவர்கள் முகம் மறுநாளே வாடும், யார் முகம் வாடுகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து இஞ்ஞாசி வீட்டு மாடியையே பார்த்தார். அனிஷா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, சிரித்த முகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. மத்தியானம் வரை அவள் முகம் வாடவே இல்லை.

வாடிய முகம் வீட்டுக்குள் இருந்தது. இளமதி காலையிலிருந்து மூன்று முறை மாடிக்குப் போய் இறங்கினாள், சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு தர்மராஜின் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா இன்னும் வாசலில்தான் இருந்தார். உள்ளே வரச் சொல்லி, அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அப்பா, நீங்க தேடற ஆளு நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. லேப்டாப்புக்கு ஒயர் பக்கம் ஒரு நம்பர், வயர்லெஸ் பக்கம் இன்னொரு நம்பர் என்று அவள் விளக்கினாள். இரண்டும் ஒரே மெஷின்தான். இந்தச் சின்ன விஷயம் தனக்குத் தோன்றாமல் போனதே என்று தர்மராஜ் கடையில் தலையில் அடித்துக்கொண்டானாம். அப்பா ஷெட்டுக்குப் போன பிறகு அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மாடி அறைக்கு எடுத்துப் போவாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மெயிலில் பதில் அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டுகளை அவளேதான் தட்டினாள், அதனால் அவளுக்கு எந்தப் பூட்டும் பூட்டாக இல்லை. ஒரு தடவை மாடியில் வயர்லெஸ்ஸைப் பிடித்த லேப்டாப், அதற்கப்புறம் ஹாலில் ஒயர் செருகியிருக்கும்போதும் தானாகவே அதையும் பிடித்துக்கொண்டது. ராஜமாணிக்கம் உட்கார்ந்தபோதெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்த திருடன் அவர் கைக்குக் கீழேயே இருந்திருக்கிறான்.

அனிஷாவுக்கு லைன் எங்கிருந்து என்று கேட்டார். அவள் தீப்பெட்டி அளவில் ஒரு டேட்டா கார்டு வாங்கிச் செருகியிருக்கிறாள், தெருவுக்கே தெரியும் என்றாள் இளமதி. கோயம்புத்தூர் ஆர்டர்? அவள் ஒயரைச் செருகி அவர் மெயிலைத் திறந்து படித்தாள். இனிமேல் பிளாஸ்டிக் பாகங்களுக்கு மாறுகிறோம், வேறு மாடலில் செய்து தர முடியுமா என்று அவர்கள் எழுதிய மெயில் நாலு வாரமாகத் திறக்கப்படாமல் கிடந்தது.

ராஜமாணிக்கத்துக்கு ஆர்டர் காதிலேயே விழவில்லை. அவர் மகளின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டார். விருத்தாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாவி, நான்தான் தடுத்தேன். அன்னிக்கே இஞ்ஞாசி அண்ணன் பேரை எழுத விட்டிருந்தா எம் பொண்ணு தப்பிச்சிருக்குமே."

பிராதைப் பற்றி இளமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. முழுவதையும் கேட்டு வாங்கினாள். என்ன எழுதினீர்கள் என்று அப்பாவிடம் வரி மாறாமல் சொல்லச் சொன்னாள். பிறகு கையை மெதுவாக அவரிடமிருந்து இழுத்துக்கொண்டாள்.

"பேரு எழுதியிருந்தா, இஞ்ஞாசி மாமா கை போயிருக்கும். அது பரவால்லியாப்பா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் கோபப்பட்டிருப்பார். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள். அவர் எழுந்து வெளியே நடந்தார். மணவாளநல்லூர்க் கோயில் சாயங்காலம் திறக்கும் நேரத்துக்கு அதன் வாசலில் நின்றிருந்தார். செருப்புப் போட மறந்திருந்தார். பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னபோது, சமாதானமாகிவிட்டதா என்று குருக்கள் கேட்டார். ஆகிவிட்டது என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. இனிமேல் போய்த்தான் சமாதானம் ஆக வேண்டும் என்றார்.

அங்கிருந்து நேராக எஸ்டேட்டுக்குப் போனார். இஞ்ஞாசியின் ஷெட்டில் விளக்கு எரிந்தது. ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். இஞ்ஞாசி முக்காலியில் உட்கார்ந்து எதையோ தீட்டிக்கொண்டிருந்தார். எதிரே பலகையில், போன சூளையில் விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட குழந்தை இயேசுக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ராஜமாணிக்கம் கிட்டே போய்ப் பார்த்தார். ஒன்றுக்குக் கண் நெற்றியில் ஏறியிருந்தது. ஒன்றுக்கு இரண்டு கண்ணும் மூக்கைப் பார்த்தன. இன்னொன்றுக்கு மை கன்னத்தில் வழிந்திருந்தது. அப்போதுதான் தூரிகை இஞ்ஞாசியின் இடது கையில் இருப்பதைக் கவனித்தார்.

"வலது கைக்கு என்னாய்யா?"

"ஒன்னும் ஆவல" என்றார் இஞ்ஞாசி, நிமிராமல். "இன்னும் ஆவல."

பிறகு தூரிகையைத் துடைத்துக்கொண்டே, அன்னமேரி மூலமாக எல்லாம் தெரியும் என்று சொன்னார். அனிஷாவிடம் கேட்டாராம், அவள் இல்லை என்றாளாம். ஆனால் இந்த மெஷினெல்லாம் அவளுக்கே தெரியாமல் எங்கேயாவது போய் ஒட்டிக்கொண்டால் யார் கண்டது என்று அவருக்கு ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்ததாம்.

"அது சின்னப் பொண்ணுய்யா, வாயும் வயிறுமா இருக்குது. எங்க மேல தப்பு இருந்தா, அதுக்கு வர்றது என் கைக்கு வரட்டும்னு உங்க சாமிகிட்டயே கேட்டுக்கிட்டேன். அப்புறம் சுரூபத்துக்குக் கண்ணு யாரு எழுதறது? அதான் எடது கைய பழக்கிக்கிட்டு இருக்கேன். வர மாட்டேங்குது."

ராஜமாணிக்கம் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாபஸ் வாங்கிவிட்டேன் என்று எப்படியோ சொன்னார். உங்கள் வீட்டில் யாரும் இல்லை, எங்கள் வீட்டில்தான், இளமதிதான், நம்பர் ஒன்று, கொம்பு ஒன்று, என்று முன்னுக்குப் பின் முரணாக ஏதேதோ சொன்னார்.

இஞ்ஞாசிக்கு நம்பரும் புரியவில்லை, கொம்பும் புரியவில்லை. இளமதி என்ற பெயர் மட்டும் புரிந்தது. முக்காலி சாய எழுந்துவிட்டார்.

"பாப்பா கை நல்லா இருக்குதாய்யா?"

அவர் முகத்தில் இருந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. ராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். நல்லா இருக்குது என்று வாயைத் திறந்து சொல்லப் போனவர், அந்தப் பலகையின் மேலேயே கவிழ்ந்து அழுதார். மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை இயேசு உருண்டு கீழே விழப் போனதை இஞ்ஞாசி வலது கையால் பிடித்தார்.